கூடாரப் பள்ளி

பெருநகரத்தில் வளரும் இளைஞனுக்கு வானம் முழுதாகத் தெரிவதில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஒரு துண்டு வானமே அவன் கண்ணுக்குக் கிட்டுகிறது. காலையில் கண் விழித்தாலும் இரைச்சல். இரவில் கண் மூடினாலும் இரைச்சல். ஒரே அறையில் அறுவர் எழுவர் வாழும் வீடும் அங்கு உண்டு. எல்லா வசதியும் நிறைந்திருந்தும் மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லாத வீடும் உண்டு. இவ்விரு வகை வீடுகளிலிருந்தும் சில பிள்ளைகள் தெருவுக்கு வருகின்றனர். பள்ளிக்குச் செல்லாமல் திரிகின்றனர். அற்பக் காரணத்திற்காகச் சண்டையிடுகின்றனர். சிறு களவு செய்து பிடிபடுகின்றனர். ஊரார் அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று கூறி ஒதுக்குகின்றனர். ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடுகின்றனர். அதன் பின் அவர்களுடைய துணிவு வளர்கிறது, துன்பமும் வளர்கிறது.

அவர்களிடம் உள்ள குறை யாது? அன்பு கிடைக்கவில்லை என்பர் சிலர். அடக்கம் கற்பிக்கப்படவில்லை என்பர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எவர் கண்ணிலும் எளிதில் படாத மூன்றாவது குறை ஒன்று உண்டு. அவர்களை நம்பி எவரும் ஒரு பொறுப்பை ஒப்படைப்பதில்லை. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தில், ‘இவன் இல்லையேல் இது நடவாது’ என்று சொல்லத்தக்க செயல் ஒன்றேனும் அவர்களுக்கு இல்லை. பயன்படுத்தாத இரும்பு மூலையில் கிடந்து துருப்பிடிக்கிறது. எவருக்கும் வேண்டப்படாத இளமையும் அவ்வாறே ஆகிறது.

இத்தகைய பிள்ளைகளை நகரத்தை விட்டு அழைத்துச் சென்று, மரமும் புல்லும் நீரும் உள்ள இடத்தில் சில நாள்கள் தங்கச் செய்தால் அவர்கள் திருந்துவர் என்னும் எண்ணம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்து வருகிறது. காற்று மாறினால் மனமும் மாறும் என்று நல்லோர் பலர் நம்பினர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை ஒருவருடைய முயற்சியும், அதில் அவர் பெற்ற தோல்வியும் நன்கு விளக்குகின்றன.

அவர் பெயர் வில்லியம் ரூபன் ஜார்ஜ். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர்ப்புறத்தில் 1866ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் நியூயார்க் நகரத்துக்கு வந்து தொழில் செய்தவர். அந்நகரத்தின் ஏழைத் தெருக்களில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த சிறுவர்களைக் கண்டு அவர்களோடு பழகினார். வயலும் தோப்புமாகத் தாம் கண்டு களித்த ஊர்ப்புறத்தை அவர்களுக்கும் காட்ட விரும்பினார். 1890ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு சிறு கூட்டத்தை ஃபிரீவில் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அடுத்தடுத்த கோடைகளில் பிள்ளைகளின் தொகை பெருகியது. அவ்வூர் மக்கள் இரக்கம் மிக்கவர்கள். உணவு கொடுத்தனர், உடை கொடுத்தனர், பரிசுப் பொருள்கள் பல கொடுத்தனர்.

பிள்ளைகளின் உடல் நலம் பெற்றது, முகம் மலர்ந்தது. ஆனால் ஜார்ஜின் உள்ளம் வாடியது. ஏன்? பிள்ளைகள் பெறுவதையே தொழிலாகக் கொள்ளத் தொடங்கினர். யாரேனும் முகாமுக்கு வந்தால், வந்தவரைப் பார்ப்பதற்கு முன் அவர் கையைப் பார்த்தனர். ஊர் திரும்பும்போது யார் மூட்டை பெரிது என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒருபுறம் அன்பளிப்பைப் பெற்றுக்கொண்டே, மறுபுறம் அன்பளித்தவருடைய தோட்டத்தில் புகுந்து பழங்களைத் திருடினர். திருடியவர்களை ஜார்ஜ் அடித்துத் தண்டித்தார். அடி வாங்கியவன் அன்று அழுதான். மறுநாள் மீண்டும் வேலி தாண்டினான். கொடுத்ததும் பயன்படவில்லை, அடித்ததும் பயன்படவில்லை. நல்லது செய்வதாக எண்ணிப் பிள்ளைகளை இரவலராக ஆக்கிவிட்டோமோ என்று அவர் வருந்தினார்.

1894ஆம் ஆண்டுக் கோடையில் ஜார்ஜ் புதிய வழி ஒன்றை மேற்கொண்டார். இனி எவருக்கும் எந்த உடையும் இலவசமாகக் கிடைக்காது என்றும், வேண்டுவோர் உழைத்துப் பெறலாம் என்றும் அறிவித்தார். பிள்ளைகள் வெகுண்டனர். தங்களுக்கென்று பிறர் கொடுத்த பொருளுக்குத் தாங்கள் ஏன் உழைக்க வேண்டும் என்று வாதிட்டனர். முதலில் எவரும் வேலைக்கு இசையவில்லை. துணி கிழிந்திருந்தாலும் பிடிவாதம் கிழியவில்லை. பின்னர் ஒருவன் மெல்ல முன்வந்தான். சொன்ன வேலையைச் செய்து முடித்துத் தன் உடையைப் பெற்றான். அவனைக் கண்டு மற்றவர்களும் வந்தனர். அப்போது ஜார்ஜ் ஒரு வியப்பைக் கண்டார். இலவசமாகக் கிடைத்த உடையைப் புழுதியில் எறிந்த அதே பிள்ளைகள், உழைத்துப் பெற்ற உடையைப் பேணிக் காத்தனர்.

அக்கோடையிலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. குற்றம் செய்தவனைத் தாமே தண்டிப்பதை ஜார்ஜ் நிறுத்தினார். முகாமில் உள்ள பிள்ளைகளையே கூட்டி, இவன் குற்றவாளியா அல்லனா என்று முடிவு செய்யும்படி கேட்டார். பெரியவர் ஒருவர் தண்டித்தால் குற்றவாளி வீரனாகிவிடுவான். அடியைப் பொறுத்துக்கொண்டதே அவனுக்குப் பெருமையாகும். தன்னை ஒத்தவர்கள் கூடி, ‘நீ செய்தது தவறு’ என்று சொல்லும்போது அந்தப் பெருமைக்கு இடமில்லை. தீர்ப்புக் கூறியவர்களும் அன்று மாறினர். நேற்று வரையில் சட்டத்தை மீறுவதையே விளையாட்டாகக் கொண்டவர்கள், சட்டம் தங்கள் கையில் வந்தவுடன் அதனைக் காக்க முற்பட்டனர்.

இவ்விரு பாடங்களையும் அடிப்படையாகக் கொண்டு, 1895ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜார்ஜ் தம் முகாமை ஒரு சிறு குடியரசாகவே அமைத்தார். ‘இளையோர் குடியரசு’ என்று அதற்குப் பெயர். அங்கே பிள்ளைகளே சட்டம் இயற்றினர். பிள்ளைகளே காவல் புரிந்தனர். பிள்ளைகளே நீதி வழங்கினர். அக்குடியரசுக்கெனத் தனி நாணயமும் இருந்தது. உழைத்தவர் ஊதியம் பெற்றனர். அந்த ஊதியத்தைக் கொண்டே உணவும் உறைவிடமும் பெற்றனர். உழைப்பின்றி ஒன்றுமில்லை என்பதே அதன் கொள்கை. கோடை முடிந்தபோது பெரும்பாலோர் நகரம் திரும்பினர். சிலர் மட்டும் திரும்பவில்லை. குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிட்டனர். கோடை முகாமாகத் தொடங்கியது நிலையான இல்லமாயிற்று. முன்பு பழம் திருட வேலி தாண்டிய இனத்தவர்கள், இப்போது வேலிக்குள்ளே தமக்கென ஓர் ஊரைக் கண்டனர்.

ஜார்ஜ் கண்ட உண்மையை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் இங்கிலாந்தில் மற்றொருவர் வேறு வகையில் நிலைநாட்டினார். சாரணர் இயக்கத்தின் தந்தையாகிய பேடன் பவல், 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் ஒரு முகாம் நடத்தினார். ஏறத்தாழ இருபது சிறுவர்களே அதில் பங்கு கொண்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் புகழ்பெற்ற பள்ளிகளிலிருந்து சிலர் வந்தனர்; அருகிலிருந்த ஊர்களின் எளிய குடும்பங்களிலிருந்து சிலர் வந்தனர். பேடன் பவல் அவர்களை இரு வேறு கூட்டமாகத் தங்கவிடவில்லை. எல்லாரையும் கலந்து நான்கு சிறு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனையே தலைவனாக்கினார். அணியின் ஒழுக்கத்திற்கு அவனே பொறுப்பாளன். ஓநாய், காளை, காக்கை, கோட்டான் என்னும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயர்கள் அணிகளுக்கு அமைந்தன. இரவுக் காவலும் அணிகளின் பொறுப்பாக இருந்தது. ஓர் அணி விழித்திருக்க, ஏனையோர் நிம்மதியாக உறங்கினர். தான் விழித்திருப்பதால் பிறர் உறங்குகின்றனர் என்னும் உணர்வு ஒரு சிறுவனுக்கு எத்தகைய பெருமையை அளித்திருக்கும்!

இவ்விரண்டையும் படிப்போர், முகாம் என்றாலே நன்மைதான் என்று முடிவு கட்டிவிடலாம். அது பிழை. முகாம் தீமையும் செய்யக்கூடும். இதற்கும் சான்று உண்டு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. 1939ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர்களுக்காகப் பெரிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒரே வகையான நிலைமையில் வாழ்ந்த சிறுவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று உதவினர், பாடம் சொல்லிக் கொடுத்தனர், மருத்துவம் செய்வித்தனர், பலரைக் கோடை முகாம்களுக்கும் அனுப்பினர். மற்றப் பிரிவினருக்கு இவ்வுதவிகள் அளிக்கப்படவில்லை. 1945ஆம் ஆண்டில் திட்டம் முடிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஜோன் மக்கார்டு என்னும் அறிஞர் அச்சிறுவர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் அப்போது நடுத்தர வயதினராகியிருந்தனர். உதவி பெற்றவர்கள் நன்றாக வாழ்ந்திருப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். 1978ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவோ வேறாக இருந்தது. உதவி பெற்றவர்கள் மேம்படவில்லை. சில வகைகளில் மற்றவர்களைவிடத் தாழ்ந்தே இருந்தனர். பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே அத்தீங்கு மிகுதியாகக் காணப்பட்டது.

நல்லெண்ணத்தோடு செய்த உதவி இவ்வாறு முடிந்தது ஏன்? அறிஞர்கள் கூறும் விளக்கம் எளிதில் விளங்கக்கூடியதே. இளைஞர்கள் கூடியிருக்கும் இடத்தில் பொழுது சும்மா கழிந்தால், பேச்சு பெருகும். ஒருவன் தான் செய்த குறும்பைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அச்சிரிப்பே அவனுக்குப் பரிசு. அடுத்தவன் அதனினும் பெரிய குறும்பைச் சொல்வான். மூன்றாமவன் ஊர் திரும்பியதும் செய்து காட்டுவான். பெரியவர்கள் சற்றுத் தொலைவில் அமர்ந்து, பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அழகிய மலையும் தூய காற்றும் இப்பேச்சைத் தடுக்க வல்லவை அல்ல.

ஆகவே, முகாம் அமைப்போர் முதலில் எண்ண வேண்டியது இடத்தைப் பற்றி அன்று. அங்கே கைகளுக்கு என்ன வேலை, எவரை எவரோடு சேர்ப்பது என்பதைப் பற்றியே ஆகும்.

வார இறுதியில் இரண்டு நாள்களுக்கு ஒரு முகாம் அமைப்பதாக வைத்துக்கொள்வோர், இப்பாடங்களை மனத்திற்கொண்டு எவ்வாறு திட்டமிடலாம்? இருபத்து நான்கு பேருக்கு மேல் சேர்க்காமலிருப்பது நலம். தவறு செய்து பிடிபட்டவர்களை மட்டும் திரட்டினால், அது தவறுகளின் சந்தையாகிவிடும். அமைதியானவர்களும் துடுக்கானவர்களும், பல தெருக்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வந்தவர்களும் கலந்திருக்க வேண்டும். முன்பே ஒரே கூட்டமாகத் திரிந்தவர்களை வெவ்வேறு அணிகளில் அமர்த்த வேண்டும். ஆறு பேர் கொண்ட ஓர் அணிக்குப் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அவர் மேற்பார்வையாளராக நின்று கட்டளையிடுபவர் அல்லர். உடன் விறகு சுமப்பவர். உடன் பாத்திரம் தேய்ப்பவர்.

சனிக்கிழமை காலையில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஆயத்தமான கூடாரமும் ஆக்கிய சோறும் காத்திருக்கலாகாது. கூடாரத் துணியும் கயிறும் முளைகளும் கிடக்க வேண்டும். அரிசியும் பருப்பும் காய்கறியும் இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நிழல் வேண்டுமாயின் அவர்களே கூடாரம் அடிக்க வேண்டும். பசி வருவதற்குள் உணவு வேண்டுமாயின் அவர்களே அடுப்பு மூட்ட வேண்டும். முதல் நாள் சோறு குழையலாம், அல்லது அடிப்பிடிக்கலாம். அதற்காக எவரும் கடிந்துரைக்க வேண்டுவதில்லை. குழைந்த சோறே போதிய பாடம் கற்பிக்கும். மாலைக்குள் நீரை அளந்து ஊற்றக் கற்றுக்கொள்வர்.

வேலை உண்மையான வேலையாக இருத்தல் வேண்டும் என்பது மிகவும் இன்றியமையாதது. பொழுது போக்குவதற்காகக் கல்லை இங்கிருந்து அங்கே அடுக்கும்படி சொன்னால், இளைஞர்கள் உடனே கண்டுகொள்வர். அருகிலுள்ள சிற்றூரில் தூர்ந்த வாய்க்கால் இருக்கலாம். மழையில் அரிக்கப்பட்ட நடைபாதை இருக்கலாம். பள்ளியின் வேலி சாய்ந்திருக்கலாம். ஊராரைக் கேட்டு, அவர்களுக்கு வேண்டிய ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுமாயின், அதனைக் காட்டிலும் சிறந்த நற்சான்று வேறில்லை. நகரத்தில் எவருக்கும் வேண்டாதவனாக இருந்தவன், ஓடும் நீரைப் பார்த்து, ‘இது என் கையால் ஓடுகிறது’ என்று எண்ணுவான்.

பாதுகாப்பில் சிறிதும் தளர்ச்சி கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் உடல் நிலையையும் உண்ணும் மருந்தையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். முதலுதவி தெரிந்தவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் நில்லாதபோது ஒருவரும் நீரில் இறங்கலாகாது. துணிவை வளர்ப்பதற்காக எவரையும் அச்சுறுத்துவதும், அஞ்சியவனை நகைப்பதும் பெருங்கேடு. கைப்பேசிகள் இரண்டு நாள்களும் ஒரு பெட்டியில் உறங்கட்டும். அவசரத்திற்கென ஒன்றை மட்டும் பொறுப்பாளர் வைத்துக்கொண்டு, பெரியவர்களும் தம்முடையவற்றை அப்பெட்டியிலேயே இட வேண்டும். தாம் பின்பற்றாத விதியைப் பிறருக்கு விதிப்பவரை இளைஞர்கள் மதிப்பதில்லை.

இரவில் தீயைச் சுற்றி அமரும் நேரம் அறிவுரைக்கு உரிய நேரம் என்று பெரியவர்கள் எண்ணுவது இயல்பு. அவ்வாசையை அவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். பகல் முழுவதும் உழைத்த உடலும், முதன்முறையாக முழு வானத்தைக் கண்ட கண்ணும் தாமே பேசத் தொடங்கும். பேச விரும்புவோர் பேசட்டும். பேசாதவரை வற்புறுத்த வேண்டா. மறுநாள் விடியலில், ஒவ்வொருவரும் கூப்பிடு தொலைவுக்குள் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் தனியே அமரலாம். நகரத்தில் தனிமை அவர்களுக்குக் கிடைத்ததில்லை; புறக்கணிப்பே கிடைத்தது. இரண்டும் வேறு வேறு என்பதை அந்த அரைமணி நேரம் உணர்த்தும்.

இவ்வளவும் செம்மையாக நடந்தாலும், இரண்டு நாள்கள் ஒருவனுடைய வாழ்க்கையை முற்றும் மாற்றிவிடுமா? மாற்றும் என்று சொல்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். கர்ட் ஹான் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர், நாஜிகளின் கொடுமையால் தம் நாட்டை நீங்கிப் பிரிட்டனில் வாழ்ந்தவர். அவருடைய கருத்தைத் தழுவி 1941ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் அபர்டவி என்னும் ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கடலிலும் மலையிலும் ஏறக்குறைய ஒரு திங்கள் பயிற்சி பெற்று, பிறர் உயிரைக் காக்கவும் கற்றுக்கொள்ளும் பள்ளி அது. அம்முறை பின்னர் அமெரிக்காவுக்கும் பரவியது. 1960களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குற்றம் புரிந்த சிறுவர்கள் சிலரைச் சீர்திருத்த இல்லத்தில் வைப்பதற்கு மாறாக அத்தகைய பள்ளிகளுக்கு அனுப்பினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மீண்டும் குற்றம் புரிந்தவர்களின் விகிதம் ஏனையோரைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வேறுபாடு குறைந்துவிட்டது. மலை அளித்த உரத்தைத் தெரு மெல்ல மெல்லக் கரைத்தது.

எனவே, முகாமின் முடிவு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இல்லை. அடுத்த சனிக்கிழமையில் அந்த அணி எங்கே கூடும், என்ன வேலை செய்யும், எந்தப் பெரியவர் அங்கே காத்திருப்பார் என்பவற்றை முகாமுக்குச் செல்லும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அவ்வாறு செய்ய இயலாதவர்கள் கூடாரத் துணியை விரிக்காமலிருப்பதே நன்று. நம்பிக்கை கொடுத்துப் பின் கைவிடுவது, தொடக்கத்திலேயே கொடுக்காமலிருப்பதைவிடக் கொடியது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் வரும் அந்தக் கடைசி நண்பகலை முகாம் அமைப்போர் வீணாக்கலாகாது. அன்று உணவு ஆக்குவோர் பிள்ளைகள், உண்போர் பெற்றோர். அடுத்து என்ன புகார் வருமோ என்று அஞ்சி அஞ்சிப் பள்ளி வாயிலில் நின்று பழகிய தாய் ஒருத்தி, இன்றும் என்ன சொல்லப் போகிறார்களோ என்ற கலக்கத்தோடு வந்து அமர்கிறாள். அவள் மகன் சோற்றுப் பாத்திரத்தோடு வருகிறான். அவன் கையில் அடுப்புக்கரி படிந்திருக்கிறது. கயிறு இழுத்த தழும்பும் தெரிகிறது. தாய்க்குச் சோறு இட்டு, “போதுமா அம்மா? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்கிறான். இதுவரையில் அவன் அவளிடம் கேட்டவை பல, இவ்வாறு கேட்டதில்லை. தாய் விடை கூறாமல் தலையை மட்டும் அசைக்கிறாள். பின்னால் இன்னும் இருபது பேர் பசியோடு காத்திருக்கின்றனர். ஆதலால் அவன் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை; பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு விரைகிறான்.